பலகை காட்டிய பள்ளம்

முதலில் அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள், தம்பி. எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் நன்றாக ஊதித் தள்ளியிருக்கிறார். குளிர் வந்தால் வரட்டும். புகைக்குக் குளிர் எவ்வளவோ மேல்.

என் பெயர் ஷெர்காசி. அக்-புலுங் பனிச்சறுக்கு மலையில் பாதுகாப்பு என் பொறுப்பு. புதுப்பனி விழுந்த மறுநாள் காலையில் முதலில் மேலே போய், எந்தச் சரிவைத் திறக்கலாம், எதை மூடவேண்டும் என்று சொல்பவன் நான். கால் உடைத்துக்கொண்டவர்களைக் கட்டி இழுத்துக்கொண்டு இறங்குபவனும் நான்தான். புகைப்பவர்களுக்கான இடத்தை அந்தப் பள்ளத்தில் வைத்தது யார் என்று கேட்டீர்கள். நான்தான் வைத்தேன். பலகையை நட்டதும் நான்தான். இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஏன் அங்கே வைத்தேன் என்பதை மட்டும் என் போக்கில் சொல்லவிடுங்கள்.

என் மனைவி அனார்கான், கம்பியில் நாற்காலிகள் தொங்கிப் போகும் லிஃப்ட் போய் நிற்கும் உச்சியில் தேநீர்க்கடை நடத்தினாள். உப்புப் போட்ட பால்தேநீர், எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டி, ஓரத்தில் ஒரு விறகடுப்பு, அவ்வளவுதான் கடை. குளிரில் விறைத்து உள்ளே வருபவர்கள் கையுறையைக் கழற்றியதும் தேடுவது தேநீரை அல்ல, தீப்பெட்டியை. திறந்திருந்தால் குளிர் வரும் என்று கதவைச் சாத்திவிட்டுப் புகைப்பார்கள். அவள் அந்த மேகத்துக்குள் போய்க் கிண்ணங்களை வைத்துவிட்டு வருவாள். ‘பிடிக்கலாமா அக்கா’ என்று ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்டதில்லை. இருமல் முற்றிக் கராகோல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது டாக்டர் அவளிடம், “ஒரு நாளைக்கு எத்தனை பிடிப்பீங்கம்மா?” என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டாள். சிகரெட்டைக் கையால் தொட்டறியாதவள். சிரித்ததில் மறுபடியும் இருமல் வந்தது. அந்தக் குளிர்காலம் முடியும் முன்பே போய்விட்டாள்.

இதைக் காரணம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். பெண்டாட்டி செத்த துக்கத்தில் புத்தி பேதலித்தவன் என்று பேர் வாங்கி இரக்கம் தேட எனக்கு விருப்பமில்லை. என் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

பிறகு தடை வந்தது. கடைக்குள் கூடாது, லிஃப்டில் கூடாது, வரிசையில் நிற்கும்போது கூடாது. பலகைகளும் வந்தன. யார் படிக்கிறார்கள்? நாற்காலி லிஃப்டில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டால் உச்சி வரும்வரை மனிதனுக்கு வேறு வேலையில்லை. முன் நாற்காலியில் ஒருவன் பற்றவைத்தால் பின்னால் வருகிற அத்தனை பேரும் அதைக் குடிக்கவேண்டும். சாம்பல் பறந்து பிள்ளைகளின் கண்ணில் விழும். துண்டைக் கீழே சுண்டிவிட்டால் பனி உடனே மூடிக்கொள்கிறது. அதோடு ஒழிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பனி எதையும் அழிப்பதில்லை, தம்பி. பத்திரமாக வைத்திருந்து காட்டும். மே மாதம் வந்து பாருங்கள். லிஃப்ட் கம்பிக்கு நேர் கீழே, புல் தலைகாட்டும் முன்னே, சிகரெட் பஞ்சுகள் மஞ்சளாக ஒரு பாதை போட்டுக் கிடக்கும். அவ்வளவையும் குனிந்து குனிந்து சாக்கில் பொறுக்குவேன். ஆடுகளை ஓட்டிக்கொண்டு மேலே வந்த மேய்ப்பன் ஒருவன் நின்று பார்த்துவிட்டு, “உங்க மலையில இதுதான் வெள்ளாமையா?” என்று கேட்டான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அப்போதும் நான் யாரையும் அதட்டியதில்லை. தயவுசெய்து என்பேன், மேலே போய்ப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பேன். சிலர் கேட்பார்கள். சிலர் நான் நகர்ந்ததும் மறுபடி பற்றவைப்பார்கள். தெமிர்லான் மட்டும்தான் என் கண்ணைப் பார்த்துக்கொண்டே பற்றவைப்பார்.

அவரைப் பற்றி நியாயமாகவே சொல்கிறேன். தலைநகர் பிஷ்கெக்கில் மரச்சாமான் வியாபாரம். ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு பெரிய கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வருவார். கைதாராளம், சத்தமான சிரிப்பு. எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். லிஃப்ட் வரிசையில் ஒருநாள் வாயில் சிகரெட்டோடு நின்றார்.

“கொஞ்சம் அணைச்சிடுங்க. பின்னாடி பிள்ளைங்க ஏறுறாங்க” என்றேன்.

“அண்ணே, புகையும் மேலதான் போகுது, நானும் மேலதான் போறேன். ஒரே ஊருக்குப் போற ரெண்டு பேரை ஏன் பிரிக்கிறீங்க?”

வரிசை சிரித்தது.

“பிள்ளைங்க கண்ணுல சாம்பல் விழுது.”

“விழட்டும்ணே. நாளைக்குப் பெருசாகிப் பிடிக்கப்போற பயலுகதானே, இப்பவே பழகட்டும். மலை என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா? காத்துக்கும் வேலி போடுவீங்க போல!”

சிரித்தவர்களில் அந்தப் பிள்ளைகளின் தகப்பனும் ஒருவர். அதை நான் கவனித்தேன்.

அதற்குப் பிந்தைய வாரம் தேநீர்க்கடையில் அவருடைய மேஜையைத் தாண்டிப் போனேன். அனார்கானுக்குப் பிறகு கடையை நிர்வாகமே நடத்துகிறது. கிண்ணங்கள் மட்டும் அவள் வாங்கியவை, நீலப் பூப் போட்டவை. அதில் ஒன்றில் மீதித் தேநீருக்குள் சிகரெட்டை முக்கி அணைத்திருந்தார். நான் நின்று பார்ப்பதைக் கண்டு, “சாம்பல் கிண்ணம் வைக்கலைன்னா நான் எங்கண்ணே போவேன்?” என்றார். அவருக்கு அது யாருடைய கிண்ணம் என்று தெரியாது. தெரிந்து செய்தார் என்று நான் சொல்லவில்லை. கிண்ணத்தை எடுத்துப் போய்க் கழுவினேன்.

மேலாளரிடம் முறையிட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். “ஷெர்காசி, அந்த ஆள் கூட்டிட்டு வர்ற கூட்டத்தாலதான் நம்ம அடுப்பு எரியுது. சண்டை வேண்டாம். நல்லதா ஒரு இடம் பார்த்துக் குடுங்க. அங்க போய் ஊதிக்கட்டும்.”

ஆகவே பார்த்துக் கொடுத்தேன்.

நீங்கள் அந்தப் பள்ளத்தை இப்போதுதான் பார்த்திருக்கிறீர்கள். அன்றைக்குப் பார்த்திருந்தால் நீங்களும் மெச்சியிருப்பீர்கள். லிஃப்டிலிருந்து இறங்கி நாலெட்டில் போய்விடலாம். காற்று நுழையாது, மதிய வெயில் நேராக விழும். பெஞ்ச் போட்டேன், மணல் வாளி வைத்தேன், பெரிய எழுத்தில் பலகை நட்டேன். புகைப்பவர்கள் என் தோளைத் தட்டினார்கள். தெமிர்லான் என்னைக் கட்டிப்பிடித்து, “இதுதாண்ணே மரியாதை. இனிமே நமக்குள்ள சண்டையே இல்ல” என்றார்.

பள்ளத்துக்கு மேலே முகட்டின் விளிம்பில், வீட்டுத் தாழ்வாரம் மாதிரி பனி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு பனிப்பொழிவுக்கும் அது கனக்கும். அதை இறக்கத்தான் முகட்டில் ஒரு வெடிக்குழாய் நட்டிருக்கிறோம். எதிர் முகட்டுக் குடிசையில் இருந்து பொத்தானை அழுத்தினால் குழாயில் வாயு வெடிக்கும், அந்த அதிர்ச்சியில் பனி இறங்கிவிடும். சரிவைத் திறப்பதற்கு முன்னால், ஆள் இல்லையென்று பார்த்து, சங்கு ஊதிவிட்டுத்தான் அழுத்தவேண்டும். அப்படித் தவறாமல் இறக்கிவந்தால் அந்தப் பள்ளம் உங்கள் வீட்டு வாசலைப் போலப் பத்திரமானது. நான் அங்கே இடம் கொடுத்ததில் குற்றமே இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பிப்ரவரியில் மற்றக் குழாய்களையெல்லாம் வழக்கம்போல வெடிக்கவைத்தேன். அந்த ஒன்றை மட்டும் தொடவில்லை. கேட்டவர்களிடம் பழுது என்றேன். பழுதென்றால் பெஞ்சை எடுத்திருக்கவேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். எடுத்திருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். புகைத்தால் சாவு என்று அரசாங்கமே பெட்டியின்மேல் அச்சடித்துக் கொடுக்கிறது. அழுகிய நுரையீரலைப் படம் போட்டும் கொடுக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் ஒன்றை உருவுகிறார்கள். சாவதற்குச் சம்மதம் என்று அவர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். நான் அந்த எச்சரிக்கைக்குக் கொஞ்சம் அவசரம் கூட்டினேன். அனார்கானிடம் யார் சம்மதம் கேட்டார்கள்?

சல்கினைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். லிஃப்ட் உச்சியில் ஆட்களை இறக்கிவிடும் பெண். வேலைக்கு வந்த நாளிலிருந்து என்னைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள். மதியத்தில் எனக்கும் சேர்த்து ரொட்டி எடுத்து வைப்பாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு சிகரெட்டும் பிடிப்பாள். ஒருமுறை கையும் களவுமாகப் பிடித்தேன்.

“பெரியப்பா, சத்தியமா இதுதான் கடைசி!”

“போன மாசமும் இதைத்தான் சொன்னே.”

“போன மாசம் சொன்னது போன மாசக் கடைசி, பெரியப்பா. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, தோலை உரிச்சிடுவாங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. பிடிக்கத்தான் வேண்டுமென்றால் பலகை இருக்கிற இடத்துக்குப் போ, அங்கே யாருக்கும் தொந்தரவில்லை என்றேன். அப்போது அந்தக் குழாயை ஒழுங்காக வெடிக்கவைத்துக்கொண்டிருந்த காலம். அவளுக்கு நான் சொன்னது நல்ல யோசனைதான். பிறகு மாற்றிச் சொல்லியிருக்கவேண்டும் என்கிறீர்கள். அவளிடம் மட்டும் சொன்னால் காரணம் கேட்பாள். தவிர, ஒருத்திக்கு ஒரு விதி, மற்றவர்களுக்கு ஒரு விதி என்று நான் எப்போதும் வைத்துக்கொண்டதில்லை.

அன்றைக்கு வருவோம். இரண்டு மூன்று நாள் விடாமல் கொட்டிவிட்டு வானம் கழுவிவிட்டாற்போல வெளுத்திருந்தது. முகட்டுப் பனித் தாழ்வாரத்தை அவ்வளவு பெரிதாக நான் பார்த்ததில்லை. மதிய வெயிலில் அதன் விளிம்பு சொட்டிக்கொண்டிருந்தது. நான் எதிர் முகட்டுக் குடிசைக்குப் போனேன். தூரக்கண்ணாடியில் லிஃப்டைப் பார்த்தேன். தெமிர்லான் தனியாக வந்துகொண்டிருந்தார். வாயில் சிகரெட் இருந்தது, பற்றவைக்கவில்லை. உச்சிவரைக்கும் பற்றவைக்கவில்லை. இறங்கி, பலகை காட்டிய வழியே நடந்து, பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் தீக்குச்சியை எடுத்தார். எனக்குத் தெரிந்து அவர் விதியை மதித்தது அன்றுதான். பார்க்கத் திருப்தியாக இருந்தது.

பனி இறங்கியதும் முதல் ஆளாக ஓடியவன் நான். நாய்களைக் கொண்டுவந்தேன், ஆட்களை வரிசையாக நிறுத்திக் கம்பியால் குத்திப் பார்க்கவைத்தேன். பொழுது சாயும் முன்னே இரண்டு பேரையும் எடுத்துவிட்டோம். இவ்வளவு ஒழுங்காக ஒரு தேடுதலைப் பார்த்ததில்லை என்று கராகோலிலிருந்து வந்த மீட்புக்குழுவே சொன்னது. தெமிர்லானின் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அவரைத் தேற்றினேன். அது நடிப்பில்லை.

பனி தானாக இறங்கியது என்றுதான் காலையிலிருந்து உங்களிடம் சொல்லிவந்தேன். அந்த வெயிலுக்கு அது எப்படியும் இறங்கியிருக்கும், அந்த அளவில் நான் பொய் சொல்லவில்லை. ஆனால் அன்று அதை இறக்கியது நான்தான். சங்கு ஊதவில்லை. தடை போட்ட சட்டம் கண்ணை மூடிக்கொண்டது, மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார், வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லோரும் கைவிட்ட ஒரு விதியை ஒருவனாவது நிறைவேற்றினான் என்று எழுதிக்கொள்ளுங்கள். மன்னிப்பெல்லாம் நான் கேட்கப்போவதில்லை. இந்த மே மாதம் அந்தச் சரிவில் ஏறிப் பாருங்கள், ஒரு பஞ்சு கிடந்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள்.

அந்தப் பெண் அங்கே இருந்தது தெரியாது என்றும் சொல்லியிருந்தேன். அதையும் திருத்திக்கொள்ளுங்கள். தெரியும். தெமிர்லான் பற்றவைத்ததும் அவளும் வந்து பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் ஏதோ சொன்னார், சிரித்தாள். நன்றாகத் தெரியவேண்டும் என்று நான் குடிசை ஜன்னலைத் திறந்தேன். கண்ணாடியில் வெயில் பட்டிருக்கவேண்டும், அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஆட்கள் நடமாடும் நேரத்தில் அந்தக் குடிசையில் யாருக்கும் வேலையில்லை என்பது மலையில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். அவள் எழுந்து நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, குறுக்கும் நெடுக்குமாக ஆட்டினாள்.

எங்கள் மலையில் ‘நிறுத்து’ என்பதற்கு அதுதான் சைகை என்று நீங்கள் சொல்கிறீர்கள். உண்மைதான், அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். ஆனால் சல்கின் பாசமான பெண், தம்பி. என்னை எங்கே கண்டாலும் கையாட்டுவாள். அதனால் நானும் அவளுக்குக் கையாட்டிவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினேன்.