ஒயர் பத்தல

இரவு பதினொன்றே கால். கிடங்குகள் இருக்கும் பக்கத்திலிருந்து குடியிருப்புகளுக்கு வரும் நீளச் சாலை. இரண்டு பக்கமும் இறக்கிப் பூட்டிய ஷட்டர்கள். ஒரு கம்பத்தில் விளக்கு எரிந்தால் அடுத்த மூன்றில் எரியாது. ஸ்கூட்டரில் ஒருவன் தனியாக வருகிறான். முதுகில் ஒரு பை. பைக்குள் பணமோ கத்தியோ என்று நினைக்காதீர்கள்.

மூன்று மீட்டர் ஒயர்.

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

நம்மோடு படித்த ஒருவனின் மைத்துனன் அவன். வேலை செய்யும் இடத்தில் அவனுக்குப் பெயர் பிளக்கு. யூ.எஸ்.பி.யில் செருகி ஓட்டும் விளையாட்டுச் சாமான்களை வரவழைத்து விற்கும் கம்பெனி அது. கோப்பையைச் சூடாக வைத்திருக்கும் தட்டு, கீபோர்டில் விழுந்த பிஸ்கட் தூளை உறிஞ்சும் கட்டைவிரல் அளவு வாக்யூம், மேஜையில் உட்கார்ந்து தலையாட்டும் நாய்... பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். ஒவ்வொன்றையும் செருகிப் பார்த்து, ஓடுகிறதா இல்லையா என்று எழுதி வைப்பது இவன் வேலை.

அப்படி வந்த ஒன்றுதான் அந்தச் செருப்பு. முயல் முகம் வைத்த பஞ்சுச் செருப்பு. உள்ளே சூடேறும் கம்பி. இரண்டு குதிகாலிலிருந்தும் ஒயர் கிளம்பி ஒன்றாகச் சேரும். அதைச் செருகிவிட்டுக் காலை நுழைத்து உட்கார வேண்டியதுதான். இதமாக இருக்கும். எழுந்து போகத்தான் முடியாது. ஒரு ஜோடியில் முயலின் காது பிய்ந்திருந்தது. விற்காது என்று ஒதுக்கினார்கள். இவன் வீட்டுக்குக் கொண்டுபோனான்.

மனைவிக்குக் கால் எப்போதும் சில்லென்றிருக்கும். ராத்திரி அந்தப் பாதங்களைக் கொண்டுவந்து இவன் முழங்காலுக்குப் பின்னால் வைத்தால் தூக்கிவாரிப் போடும். அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. கூடத்தின் கோடியில் மேஜை. முதல் நாள் செருப்பைப் போட்டுக்கொண்டு சொன்னாள்.

"கயித்துல கட்டின கன்னுக்குட்டி மாதிரி ஆக்கிட்டியே."

அன்றிலிருந்து அது வீட்டு வேடிக்கை ஆகிவிட்டது. அடுப்பில் பால் பொங்குகிறதா, வாசலில் மணி அடிக்கிறதா, எதற்குக் கூப்பிட்டாலும் ஒரே பதில். "ஒயர் பத்தல." இவன்தான் ஓட வேண்டும். நாலு வயது மகள்கூட, சாப்பிடக் கூப்பிட்டால் அதையே சொல்வாள்.

மனைவி காய்ச்சல் என்று படுத்தாள். பன்னிரண்டு நாள். ஆஸ்பத்திரியில் கடைசியாக அவன் பார்த்தபோது பாதம் போர்வைக்கு வெளியே கிடந்தது. இழுத்து மூடிவிட்டான்.

எட்டு மாதம் போயிற்று. அவன் அக்கா மாடியில் குடியிருந்தாள். அவளைக் கட்டியவன்தான் நம் சிநேகிதன். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். இரவு தூங்க வைத்துவிட்டு, தம்பி வந்ததும் மேலே போவாள். இறந்தவளின் துணிமணியெல்லாம் அக்காவே எடுத்துக் கொடுத்துவிட்டாள். மேஜைக்கடியில் இருந்த செருப்பை மட்டும் அவன் தொட விடவில்லை. செருகியது செருகியபடி.

"செத்தவ செருப்பை ஏன்டா இன்னும் கரண்ட்ல போட்டு வெச்சிருக்க?"

அவன் குனிந்து முயல் காதிலிருந்த தூசியைத் தட்டிவிட்டான்.

ஒரு நாள் காலை செருப்பு மேஜைக்கடியில் இல்லை. வெளியே வந்திருந்தது. ஒயர் தரையை விட்டு எழும்பி, விறைப்பாக நின்றது. முயல்கள் இரண்டும் உள்ளறைப் பக்கம் பார்த்தபடி. குழந்தை விளையாடியிருப்பாள் என்று பழைய இடத்தில் வைத்தான். மறுநாளும் அப்படியே. மூன்றாம் இரவு படுக்கவில்லை. படுத்த மாதிரி கிடந்தான்.

இரண்டரை மணி இருக்கும்.

ஸ்ர்ர்... ஸ்ர்ர்... குதிகாலைத் தேய்த்து நடக்கும் நடை. நாலு அடி. அப்புறம், டிக். சுவரில் செருகியிருந்தது இழுபடும் சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி, டிக்.

எழுந்து போய்ப் பார்த்தான். யாரும் இல்லை. பாத வெடிப்புக்கு மனைவி தடவும் களிம்பின் வாசனை மட்டும். செருப்புக்குள் கை விட்டான். கம்பி ஓடும் இடமெல்லாம் சூடு. குதிகால் பதியும் இடம் மட்டும்... ஐஸ்.

பயப்பட்டானா என்றால், இல்லை. அங்கேதான் தப்பு. டேப்பை எடுத்து அளந்தான். மேஜையிலிருந்து தன் கட்டில்வரை. செருப்பின் ஒயர் ஒன்றரை மீட்டர். இன்னும் இரண்டே முக்கால் வேண்டும்.

இப்போது அந்தப் பைக்குள் இருந்தது எதற்கென்று தெரிகிறதா?

அக்காவிடம் மூச்சு விடவில்லை. அவள் மேலே போனதும் புது ஒயரைச் சேர்த்துச் செருகினான். கட்டிலில் மனைவியின் பக்கத்தைக் காலியாக விட்டுத் தள்ளிப் படுத்தான். அறைக் கதவைத் திறந்தே வைத்தான்.

ஸ்ர்ர்... ஸ்ர்ர்... எண்ணினான். நாலு. ஐந்து. டிக் இல்லை. ஆறு. ஏழு. வாசற்படிக்கு வந்துவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டான். எட்டு... ஒன்பது...

நிற்கவில்லை. திரும்பவில்லை. அவன் கதவைத் தாண்டிப் போயிற்று.

பத்து. பதினொன்று. டிக்.

டிக். டிக். டிக்.

அவன் அறைக்கு அடுத்த கதவு குழந்தையின் அறை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். முயல்கள் இத்தனை நாளும் எந்தக் கதவைப் பார்த்தன என்பதை அவன் சரியாகப் பார்க்கவே இல்லை. ஓடினான். ஒயர் நாண் மாதிரி விறைத்து நின்றது. செருப்பு குழந்தையின் நிலைப்படிக்கு ஒரு சாண் இப்பால். பிய்ந்த காது இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

காலையில் பல் தேய்த்துவிடும்போது குழந்தை வாயில் நுரையோடு சொன்னாள்.

"அம்மாவுக்குக் கால் ரொம்ப சில்லுனு இருக்காம். என் போர்வைக்குள்ள வெச்சுக்கட்டுமான்னு கேட்டாங்க."

"எங்கேருந்து கேட்டாங்க?"

"கதவுகிட்ட நின்னு. உள்ள வர ஒயர் பத்தலையாம்."

அவன் குழந்தையின் வாயைக் கொப்பளிக்க வைத்தான். அன்றே இரண்டு ஒயரையும் பிடுங்கினான். செருப்பின் ஒயரைக் கத்தரியால் நறுக்கினான். சாக்கில் சுற்றி, அதே நீளச் சாலையில் கொண்டுபோய், கிடங்கில் உடைசல் போடும் தொட்டிக்குள் எறிந்தான். இதைக் கேட்ட அக்கா, இப்போதாவது புத்தி வந்ததே என்றாள். ராத்திரி குழந்தையைத் தன் கட்டிலிலேயே படுக்க வைத்துக்கொண்டான்.

ஒரு சத்தமும் இல்லை. மறுநாளும் இல்லை. ஒரு வாரம். நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. இறங்கிய இடத்தில் வேறொன்று வலித்தது. ஒரே ஒரு தடவை அவள் இவன் அறைக்குள் வந்திருக்கலாம்...

எட்டாம் நாள் குழந்தை தலையணையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். "நீ குறட்டை விடற. நான் என் ரூமுக்குப் போறேன்." பிடிவாதக்காரி. அம்மா மாதிரியே. அவனும் விட்டுவிட்டான். நடுவில் இருப்பது ஒரு சுவர்தானே.

இரண்டரை மணி.

சப்... சப்...

செருப்பின் சத்தம் இல்லை. வெறுங்கால். ஈரமான பாதம் டைல்ஸில் ஒட்டிப் பிரியும் சத்தம். களிம்பு வாசனை. எழுந்திருக்கப் பார்த்தான். முழங்காலுக்குக் கீழே மரத்துக் கிடந்தது. வாயைத் திறந்தான், குரல் வரவில்லை. எண்ணத்தான் முடிந்தது. நாலு... ஏழு... அவன் கதவு... ஒன்பது... பத்து...

பதினொன்று.

டிக் வரும் என்று காத்துக் கிடந்தான்.

பன்னிரண்டு. பதின்மூன்று.

சுவருக்கு அந்தப் பக்கம் சின்னக் கட்டில் கிறீச்சிட்டது. தூக்கக் குரலில் குழந்தை சொன்னது தெளிவாகக் கேட்டது.

"தள்ளிப் படுத்துட்டேன். வாம்மா."