திரையின் மூலையில் முளைத்த கட்டம்

மேடைக்குத் தலைமை தாங்கி, பேச எழும் ஒவ்வொருவரையும் கைக்கடிகாரம் காட்டியே கட்டுப்படுத்தும் எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! வரவேற்புரை என்று தொடங்கி வரலாற்றுரையே நிகழ்த்திவிட்டு அமர்ந்திருக்கும் செயலாளர் அவர்களே! முன்வரிசையை முழுதாகப் பிடித்திருக்கும் மூத்தோர்களே! மடியில் பிள்ளையும் கையில் கைப்பேசியுமாக வந்து, காதை மட்டும் எனக்குத் தந்திருக்கும் தாய்மார்களே! கதவோரம் கண்ணயரக் காத்திருக்கும் கடைசி வரிசை நண்பர்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

"கணினியும் குடும்பமும்" என்று தலைப்புத் தந்தார்கள். என் சொந்த அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அக்காவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். அத்தானிடம் வாங்கவில்லை. சிரிக்காதீர்கள் ஐயா, அவர் உங்களுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்!

அக்காவுக்கு எம்பிராய்டரி தொழில். கணினியில் அவள் பூ வரைந்தால், பக்கத்தில் நிற்கும் எந்திரம் அதைத் துணியில் பூக்க வைக்கும். துணை, பக்கத்துத் தெருத் தோழி. ஒல்லியான உடம்பு, கூர்மையான நாக்கு, அதனால் ஊருக்கே அவள் "ஊசி." நூல் மாற்றுவதும், துணியைச் சட்டத்தில் பூட்டுவதும், வாடிக்கையாளருக்குப் படம் அனுப்புவதும் அவள் வேலை. அத்தானோ சரக்குக் கிடங்கில் காவல் மேற்பார்வையாளர். சந்தேகப்படுவதற்கே சம்பளம்! பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பார். இழுத்தது போதுமா என்று நின்று யோசிப்பார்.

இந்த வீட்டுக் கணினியின் வலது மூலையில் ஒரு நாள் முளைத்தது ஒரு கட்டம். "உங்கள் கோப்புகள் மேகத்தில் இல்லை. உடனே உள்நுழையுங்கள்!"

அக்கா கேட்டாள்: "என் பூவெல்லாம் எதுக்குங்க மேகத்துக்குப் போகணும்? மழையில நனையவா?"

மூடினாள். முளைத்தது. மறுபடி மூடினாள். மறுபடி முளைத்தது. இதழ் வரையும்போது வந்தது. இலை வரையும்போது வந்தது. அழைத்தோமா? இல்லை. ஆசைப்பட்டோமா? இல்லை. ஆனாலும் வந்தது!

அத்தான் கண்ணைச் சுருக்கினார். "இது சும்மா வரல. யாரோ உள்ள நுழையப் பாக்குறான்."

உண்மையில் யாரும் நுழையப் பார்க்கவில்லை. கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் மென்பொருள் ஒன்று, கணினி வாங்கும்போதே கூட வந்திருந்தது. கணினி விழிக்கும்போதெல்லாம் தானும் விழித்து, "கணக்கைக் கொடு, கணக்கைக் கொடு" என்று நச்சரித்தது. திருட்டு இல்லை, தொல்லை. ஆனால் தொல்லை என்ன செய்யும் தெரியுமா தாய்மார்களே? கண்ணைத் தூங்க வைத்துவிட்டு, கையை மட்டும் வேலை வாங்கும்!

அதுதான் நடந்தது. அவசர வேலை ஒன்றின் நடுவே, அக்கா ஏதோ ஒரு படத்தைத் தேடி முன்பின் தெரியாத இணையதளத்துக்குப் போனாள். அங்கே எழுந்தது ஒரு கட்டம். அதே நிறம், அதே மேகம், அதே "உள்நுழையுங்கள்." "சனியன், போய்த் தொலையட்டும்" என்று மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் தட்டிவிட்டாள். கட்டம் போனது. கூடவே கணக்கும் போனது!

மறுநாள் வாடிக்கையாளர்கள் வாசலில். "நீங்க அனுப்பினீங்கன்னு ஒரு இணைப்பைத் திறந்தோம்மா, எங்க போன் கிறுக்குப் பிடிச்ச மாதிரி ஆடுது!" அக்கா விழித்தாள். அவள் கணக்குக்குள் அவளாலேயே நுழைய முடியவில்லை.

அத்தான் கட்டத்தைச் சந்தேகித்தாரா? இல்லை. கண்ணெதிரே இருந்த மனுஷியைச் சந்தேகித்தார்.

"வீட்டுக்குள்ள வந்து போற வெளியாள் யாரு?" என்றார், வந்தவர்கள் காதுபட.

ஊசி நிமிர்ந்தாள். "சுத்தி வளைக்காதீங்கண்ணே. நேராக் கேளுங்க."

"கடவுச்சொல் உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். அக்காதான் சொன்னாங்க. படம் அனுப்பணும்ல?"

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா தரையைப் பார்த்தாள். ஊசி தன் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அன்று அக்கா சாப்பிடவில்லை. கைப்பேசி எண்ணைக் காட்டிக் கணக்கை மீட்டாள், கடவுச்சொல்லை மாற்றினாள், அந்தக் கணக்குக்குள் நுழைந்திருந்த மற்ற எல்லாக் கருவிகளையும் வெளியேற்றினாள். பிறகு தான் திறந்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். அந்த இணையதளம் அங்கே இருந்தது. அதில் அந்தக் கட்டமும் இருந்தது, மூலைக் கட்டத்தைப் போலவே வேஷம் போட்ட போலிக் கட்டம்.

"ஏங்க, திருடன் பூட்டை உடைக்கல. நான்தான் கதவத் திறந்து, உக்காருன்னு சொல்லியிருக்கேன்."

அத்தான் குனிந்து அந்தக் கட்டத்தைத் தானே ஒருமுறை படித்துப் பார்த்தார்.

அடுத்து அந்த மூலைக் கட்டம். பூ வரைந்த கோப்புகளை முதலில் தனி வட்டில் பிரதி எடுத்து வைத்தாள். திரையின் கீழே இருந்த மேகச் சின்னத்தைச் சொடுக்கி அமைப்புகளுக்குள் போனாள். "கணினியோடு தானாகத் தொடங்கு" என்ற இடத்தில் இருந்த குறியை எடுத்தாள். கணினியின் அறிவிப்புப் பட்டியலிலும் அதன் வாயை மூடினாள். அணைத்து, திறந்தாள். மூலை வெறிச்சோடிக் கிடந்தது. இவ்வளவுதானா என்கிறீர்களா? இவ்வளவுதான் ஐயா! இதைச் செய்யாமல் மூடிக்கொண்டே இருந்ததற்குத்தான் அத்தனை விலை!

இருவரும் ஊசி வீட்டுக்குப் போனார்கள். கதவைப் பாதி திறந்தபடி அவள் கேட்டாள்: "கம்ப்யூட்டர சரி பண்ணிட்டீங்க. என்னைத் திருடின்னு நெனச்சீங்களே, அத எந்தப் பட்டன அமுக்கி அழிப்பீங்க?"

அத்தான் தலை குனிந்தார். "பட்டன் இல்லம்மா. தப்பு என்மேல. மன்னிச்சுக்கோ."

அக்கா அழுதாள். "நான் ஒரு வார்த்தை பேசியிருக்கணும்டி."

"இங்க சொல்லி என்ன பிரயோஜனம்? யார் காதுபடச் சொன்னீங்களோ, அவங்க காதுபடச் சொல்லுங்க."

சொன்னார்! அதே வாடிக்கையாளர்களை அதே முன்னறைக்கு வரவழைத்து, அதே இடத்தில் நின்று சொன்னார். அத்தான், உங்களுக்காக இந்த மன்றம் கை தட்டுகிறது!

ஊசி திரும்பி வந்தாளா? வந்தாள் தாயே, வந்தாள். ஆனால் இன்றைக்கும் அக்கா புதுக் கடவுச்சொல்லைச் சொல்ல வாயெடுத்தால், இரண்டு காதையும் பொத்திக்கொள்கிறாள்.

அந்தக் காதுகளை நினைத்துத்தான் கேட்கிறேன். கேட்காமல் வரும் கட்டத்தைச் சந்தேகியுங்கள்! "உடனே" என்று உலுக்கும் எழுத்தைச் சந்தேகியுங்கள்! பழகிய நிறத்தில் வரும் பழகாத கதவைச் சந்தேகியுங்கள்! களைத்துப்போன உங்கள் விரலையே சந்தேகியுங்கள்! அத்தனையையும் சந்தேகித்து முடித்த பிறகும் மிச்சம் இருந்தால், அதை உங்களோடு உட்கார்ந்து உழைத்தவர்மேல் வீசும் முன், ஒரு மூச்சு, ஒரே ஒரு மூச்சு நில்லுங்கள்! கணக்கை மீட்கக் கைப்பேசி எண் போதும். கலைந்த மனத்தை மீட்க எந்த எண்ணும் இல்லை!

தலைவர் கடிகாரத்தைத் தூக்கிவிட்டார். இடம் தந்த சங்கத்துக்கும், இடையிடையே குரல் தந்த உங்களுக்கும், என்னை இரவு வீட்டுக்குள் விடப்போகும் அத்தானுக்கும் நன்றி. எல்லோர் வீட்டுத் திரையும் தெளிவாக இருக்கட்டும். வணக்கம்!