விற்பதும் வாங்குவதும்

தாம்பரம் போகும் மின்ரயிலில், பெருங்களத்தூரில் ஏறிய இருவர் கதவோரம் நின்றார்கள். தொழிற்சாலைச் சீருடை போட்டிருந்தவர் சொன்னார்:

"கோபம் வந்தப்புறம்தான் மச்சான் எனக்கு சைனீஸ் வந்துச்சு."

"என்னடா சொல்ற?"

"பழைய மெஷினை விக்கணும்னு கம்பெனிக்கு வந்த சைனாக்காரர்கிட்ட மரியாதையா 'மா...ய்'னு இழுத்துச் சொன்னேன். அவரு, 'வாங்கணுமா?'ன்னு கேக்கறாரு. அவங்க பாஷைல விக்கறதும் வாங்கறதும் ஒரே சொல்லு, குரல்தான் வேற. மறுபடி சொன்னேன், மறுபடி அதே கேள்வி. ஒரு வருஷமா போன்ல படிச்சதெல்லாம் வேஸ்ட்டான்னு பேஜாராயிடுச்சு. கடுப்புல 'மாய்!'னு அதட்டிட்டேன். 'ஓ, விக்கணுமா!'ன்னு கையைக் குடுத்தாரு. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் சைனீஸ்லதான் பேசினோம்."

"அப்போ வாங்கணும்னா?"

"மேனேஜர்கிட்ட லீவு கேக்கற மாதிரி இழுக்கணும்."