திருப்பிச் சொன்னதைக் கேட்டவள்

மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்தால் நல்லது. நான் சத்தம் போட்டுப் பேசிப் பழகாதவள். ஆண்கள் வார்டில் இத்தனை வருடம் வேலை பார்த்தும் அந்தப் பழக்கம் வரவில்லை.

நீங்கள் விசாரிக்கிற அந்த நர்ஸுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்ததே நான்தான். வந்த புதிதில் "அக்கா, அக்கா" என்று என் பின்னாலேயே சுற்றுவாள். கொஞ்ச நாளில் நோயாளிகள் அவளை "நம்ம சிஸ்டர்" என்றார்கள். என்னை "அந்த சிஸ்டர்" என்றார்கள். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்கள். இவள் பாயக்கூட இல்லை, பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. எரிந்ததை எரிந்தது என்றுதானே சொல்லவேண்டும்.

அவளிடம் ஒரு வித்தை இருந்தது. வீட்டுக்குக் கிளம்பும் நோயாளிக்கு மாத்திரைகளை விளக்கிவிட்டு, "இப்ப நீங்கதான் நர்ஸ், நான் பேஷண்ட். எனக்குச் சொல்லிக்குடுங்க பார்ப்போம்" என்பாள். மீசை வைத்த ஆம்பளைகள்கூட வெட்கப்பட்டுக்கொண்டே ஒப்பிப்பார்கள். தப்பாகச் சொன்னால் சலிக்காமல் மறுபடி தொடங்குவாள். பெரிய டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, எல்லாரும் இப்படிச் செய்யவேண்டும் என்றார். சொன்னபோது என்னைத்தான் பார்த்தார்.

அந்தத் தையல்காரர், விரல் மூட்டெல்லாம் வீங்கி, கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் வந்தவர். தேறிவிட்டார். அவருக்குக் கொடுத்த மாத்திரையை வாரத்தில் ஒருநாள் மட்டும்தான் போடவேண்டும். தினமும் போட்டால் உடம்பில் ரத்தம் ஊறுவதே நின்றுபோகும். அவள் எல்லாம் சொன்னாள். கடைசியில், "வாரம் ஒருநாள். விடாம போடணும்" என்றாள். அதற்குள் மறுகோடியில் யாருக்கோ மூச்சு முட்டியது. "அக்கா, இவர் திருப்பிச் சொல்றதை மட்டும் கேட்டுருங்க" என்று ஓடினாள்.

கேட்டேன்.

"விடாம போடணும். அப்போ தினமும் ஒண்ணு. சரிதானே சிஸ்டர்?"

வாரம் விடாமல் என்று அவள் சொன்னது, நாள் விடாமல் என்று அவர் காதில் விழுந்திருந்தது. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. அந்த நேரம் பார்த்து அவர் தன் மனைவியிடம், "நம்ம சிஸ்டர் சொன்னா வேதவாக்கு" என்றார்.

"அவங்க சொன்னபடியே செய்ங்க" என்றேன். இதில் பொய் ஒன்றும் இல்லை, கவனியுங்கள்.

அவர் சாகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. உடம்பு கெட்டுத் திரும்பி வருவார், நாலு பேர் முன்னால் அவளுக்குத் திட்டு விழும், அவ்வளவுதான்.

நடுவில் அவர் மனைவி வார்டுக்குப் போன் செய்தாள். எடுத்தது நான்.

"நம்ம சிஸ்டரா? அவருக்கு வாயெல்லாம் புண்ணு. தண்ணிகூட இறங்கலை. மாத்திரையை நிறுத்திடட்டுமா?"

நான் அவளில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படி ஒரு குரலில் என்னை யாரும் கூப்பிட்டதில்லை. "ஆமாம்மா, நான்தான். நிறுத்தாதீங்க, விடாம குடுங்க" என்றேன். அவள் நன்றி சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தாள். அன்று எனக்கு நல்ல பசி, வயிறாரச் சாப்பிட்டேன்.

தூக்கிக்கொண்டு வந்தபோது அவருக்குப் பேச்சில்லை. தோலுக்கடியில் எங்கும் ரத்தக்கட்டு. விடிவதற்குள் முடிந்துவிட்டது.

நான் எதிர்பார்த்தது அதன்பிறகு நடக்கவில்லை. போனிலும் நம்ம சிஸ்டர்தான் விடாம குடுக்கச் சொன்னாங்க என்று தையல்காரர் மனைவி சொன்னபோது, அவள் மறுக்கவே இல்லை. "போன்ல பேசினது ஞாபகம் இல்லை. ஆனா அந்த வார்த்தை என்னுதுதான். நானே நின்னு கேட்டிருக்கணும்" என்று எல்லார் முன்னாலும் அழுதாள். இப்படி ஒப்புக்கொள்ள ஒரு மனசு வேண்டும் என்றார் பெரிய டாக்டர். தையல்காரர் மனைவி அவளைக் கட்டிக்கொண்டு, "நீ வேணும்னா செஞ்சே? அழாதேம்மா" என்று தலையைத் தடவினாள். நான் அவர் கிடந்த கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மனசாட்சி உறுத்தி வந்தேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். செய்தது முழுக்க நான். மன்னிப்பு மட்டும் எப்படி அவளுக்குப் போகும்?