பிராம்பிளின் அம்மா

உங்கள் தோள்பட்டையில் ஒரு வெள்ளை முடி ஒட்டியிருக்கிறது. குட்டையான, விறைப்பான முடி. டெரியர் நாயாக இருக்கவேண்டும். அதன் பெயர் என்னவாக இருக்கும் என்றுதான் இந்த விசாரணை அறைக்குள் வந்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். வாய் திறந்து கேட்கவில்லை. கேள்வி கேட்கிற வேலை இங்கே உங்களுடையது.

ஏன் செய்தீர்கள் என்று கேட்டீர்கள். பகை ஏதோ இருந்திருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் போலிருக்கிறது. அப்படி எதுவும் இல்லை. செத்துப்போனவளின் பெயர் ஏவிஸ் என்பதே எனக்கு உள்ளூர்ப் பத்திரிகையில் இரங்கல் செய்தி வந்த பிறகுதான் தெரியும். பத்து வருடத்துக்கு மேலாகக் கடற்சுவர்மேல் போகிற பாதையில் ஒருவரையொருவர் பார்த்திருக்கிறோம். எனக்கு அவள் பிராம்பிளின் அம்மா. அவளுக்கு நான் மஃபினின் அம்மா. எங்கள் ஊர் ஓவர்ஸ்டேத்தில் எல்லோரும் அப்படித்தான். நாய்க்குத்தான் பெயர், வயது, வாத நோய், செல்லச் சண்டை எல்லாம். அதன் வாரைப் பிடித்திருக்கிறவருக்கு ஒரு மழைக் கோட்டு இருந்தால் போதும். நாங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. கீழே பார்த்துதான் காலை வணக்கம் சொல்வோம்.

மஃபின் வசந்த காலத்தில் போய்விட்டது. வயதாகிவிட்டது, வலி இல்லாமல் போனது. அதைப் பற்றி நான் அதிகம் பேச விரும்பவில்லை. அடுத்த நாள் வழக்கம்போல நடக்கப் போனேன். டோமினோவின் அப்பா எதிரே வந்தார். உயரமான மனிதர், டோமினோவும் உயரமான கிரேஹவுண்ட் நாய். வழக்கமாக நின்று மஃபினின் காதைச் சொறிந்துவிட்டு, கடல் எவ்வளவு தூரம் வற்றியிருக்கிறது என்று ஏதாவது சொல்வார். அன்றைக்கு என் முழங்கால் பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. தாண்டிப் போய்விட்டார். வேண்டுமென்று செய்யவில்லை. அவருக்கு என்னைத் தெரியவில்லை, அவ்வளவுதான். டெய்ஸியின் அம்மா ஒருபடி மேலே போய், என்னைக் கண்டதும் டெய்ஸியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நாய் இல்லாமல் ஒருத்தி தனியாக அந்தப் பாதையில் என்ன செய்கிறாள் என்று அவள் நினைத்திருக்கக்கூடும். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

இன்னொரு நாய் வாங்கியிருக்கலாமே என்கிறீர்கள். போய்க் கேட்டேன். நாய்க் காப்பகத்தில் இருந்த பெண் என் வயதைப் பார்த்தாள். உங்களுக்குப் பிறகு அதை யார் பார்த்துக்கொள்வார்கள், ஒரு பெயர் சொல்லுங்கள் என்றாள். நியாயமான கேள்வி. வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

கோடை முழுக்க நடந்தேன். இலையுதிர் காலத்திலும் நடந்தேன். பேசினால் குரல் வருகிறதா என்று வீட்டில் சில சமயம் கெட்டிலிடம் எதையாவது சொல்லிப் பார்ப்பேன்.

நவம்பரில் அந்தக் காலை. கடல் ஏறும்போது நிரம்புகிற உப்போடையைக் கடக்க ஒரு பலகை போட்டிருப்பார்களே, அதில் ஏவிஸ் எனக்கு முன்னால் போனாள். பலகை ஈரம். வழுக்கிவிட்டது. நான் தொடவில்லை, அதை நீங்கள் நம்பலாம். விழுகிற நேரத்திலும் அவள் செய்த முதல் காரியம், பிராம்பிள் சேற்றில் இறங்கிவிடக்கூடாது என்று வாரை என் பக்கம் எறிந்ததுதான். "புடிச்சுக்கோங்க" என்றாள். பிடித்துக்கொண்டேன். கையில் அந்தத் தோல் பட்ட உடனே, உள்ளே ஒரு விளக்கைப் போட்டதுபோல இருந்தது. இதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவள் இடுப்புவரை சேற்றில் இருந்தாள். அந்தச் சேறு விடாது. கடல் ஏறத் தொடங்கியிருந்தது. என்னைக் கூப்பிட்டாள் என்பது உங்கள் வாதம். அவள் கூப்பிட்டது மஃபினின் அம்மாவை. அப்படி ஒருத்தி வசந்தத்தோடு இல்லாமல் போய்விட்டாள் என்பது அந்தப் பாதையில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே அவள் கூப்பிட்டது என்னை அல்ல என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் பலகையின் முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதை நான் கரைமேல் இழுத்துப் போட்டேன். வழுக்குகிற பலகை, இன்னொருவர் வந்து விழக்கூடாதில்லையா.

பிராம்பிள் பாவம், அன்றைய நடையை இன்னும் முடிக்கவே இல்லை. பிறகு அவனைக் கூட்டிக்கொண்டு சுவர்மேல் நடந்தேன். டோமினோவின் அப்பா எதிரே வந்தார். கீழே பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட, பிராம்பிளோட அம்மா! குட் மார்னிங்! காத்து தூக்கிட்டுப் போயிடும் போல இருக்கே!" என்றார். டெய்ஸியின் அம்மாவும் தூரத்திலிருந்து கையை ஆட்டினாள். நான் திரும்ப ஆட்டினேன். கண் கலங்கிவிட்டது. திரும்பி வந்து பிராம்பிளை ஓடைக்கரையில் விட்டேன். மனம் வரவில்லை, ஆனால் அவனை அங்கே விடுவதுதான் பொருத்தமாக இருந்தது. பிறகு சர்ச் மண்டபத்துக்குப் போய் டீ ஊற்றினேன். அன்றைக்கு அங்கே டீ ஊற்றுகிற முறை என்னுடையது.

இப்போது பெவ்வைப் பற்றிச் சொல்லவேண்டும். வேலைக்குப் போகிறவர்களின் நாய்களை நடத்திக்கொண்டு போவதுதான் அவள் பிழைப்பு. துப்பறிவது பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவரின் காணாமல் போன பல்செட்டை ஒரு பீகிள் நாயின் படுக்கையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அறுவடை விழாவில் பரிசுப் பூசணியைத் திருடியது நடுவரேதான் என்று கண்டுபிடித்தாள். அதிலிருந்து ஊருக்கு அவள்மேல் ஒரு பெருமை. "போலீசுக்கு ஒரு மூக்குதான் கண்ணு. எங்கிட்ட ஆறேழு இருக்கு, அத்தனையும் ஈரமா" என்பாள். எல்லோரும் அவளுக்குக் கண்ணுதான். பாதிரியாரும் கண்ணு.

கடல் வற்றியதும் ஏவிஸைக் கண்டெடுத்தது பெவ்தான். பிராம்பிளை என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் அவள்தான்.

"நாய் இல்லாம நீங்க சருகா காஞ்சு கெடக்கீங்க. இவனும் ஆள் இல்லாம கெடக்கான். வேணாம்னு சொன்னீங்க, ரெண்டு பேரையும் சேத்து வச்சுப் பூட்டிட்டுப் போயிடுவேன்."

நான் கேட்கவே இல்லை. அவளாகக் கொடுத்தாள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விபத்து என்று உங்கள் கான்ஸ்டபிள் முடித்துவிட்டார். பிராம்பிளின் அம்மாவைச் சுவர்மேல் நல்லபடியாகப் பார்த்ததாக இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள். அப்படியானால் திரும்பி வரும்போது விழுந்திருக்கிறாள், கடல் முழுக்க ஏறியிருக்கிறது, யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது. அந்த இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பிராம்பிளைப் பார்த்தார்கள், வாரைப் பிடித்திருந்த ஒரு கோட்டைப் பார்த்தார்கள். நான் எதையும் திட்டமிடவில்லை. என் ஊர்க்காரர்களின் பழக்கம் எனக்காகத் திட்டமிட்டது.

பெவ்வுக்கு மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. என் சமையலறை மேசையில் இஞ்சி பிஸ்கட்டை டீயில் முக்கியபடி திரும்பத் திரும்ப அதையே சொல்வாள்.

"காலு கண்ணு, காலு! இவன் காலப் பாத்தேன் அன்னிக்கு. பூஜைக்குப் போற மாதிரி சுத்தமா இருக்கு. எசமானி சேத்துல கெடந்து துடிக்கறா, இந்த மடையன் கரையிலயே ஒக்காந்து வேடிக்க பாத்துட்டா இருந்திருப்பான்? பாஞ்சிருப்பான். யாரோ புடிச்சு வச்சிருக்காங்க."

"சேறுன்னா அவனுக்குப் பிடிக்காதோ என்னமோ" என்றேன்.

"பிடிக்காதா? போன வாரம் எங்கூட வந்தவன் பன்னிக்குட்டி மாதிரில்ல திரும்பி வந்தான்!"

நான் இன்னொரு பிஸ்கட் வைத்தேன். அவள் தினமும் வந்தாள். யார்மேல் சந்தேகப்படலாம் என்று இருவரும் சேர்ந்து யோசித்தோம். படகுத்துறைக்காரன் மேல் கொஞ்ச நாள், பாதிரியாரின் மைத்துனன் மேல் கொஞ்ச நாள். நான் சொல்கிற யோசனைகளுக்கு அவள், "உங்க தலையில இவ்ளோ மூளையா? இத்தன நாளா எங்க பதுக்கி வச்சிருந்தீங்க?" என்று முதுகில் தட்டுவாள். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்திருக்கிறது. காலையில் பாதையில் வணக்கங்கள், மதியம் பெவ், மாலையில் என் காலடியில் பிராம்பிள். என் கணவர் இருந்த காலத்தில்கூட வீட்டில் இவ்வளவு பேச்சு இருந்ததில்லை. அவள் கண்டுபிடிக்காமல் இருக்கவேண்டும் என்று நான் நினைத்தது உண்மை. ஆனால் தேடுவதை அவள் நிறுத்திவிடக்கூடாது என்றும் நினைத்தேன். இரண்டில் எதற்கு அதிகம் பயந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

டோமினோவின் அப்பா அந்த வாரங்களில் ஊரில் இல்லை. மகள் வீட்டுக்குப் போயிருந்தார். கான்ஸ்டபிள் அவரிடம் தொலைபேசியில்தான் பேசினாராம். கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு நாள் காலை, நானும் பெவ்வும் நாய்களோடு போய்க்கொண்டிருந்தபோது எதிரே வந்தார். கீழே பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"பிராம்பிளோட அம்மா! அட கடவுளே, நீங்க ஓடையில விழுந்து செத்துட்டீங்கன்னு சொன்னாங்களே! எங்க வீட்டுக்காரி ஒரு பாட்டம் அழுதே தீத்துட்டா."

நான் சிரித்தேன். வேறென்ன செய்வது.

"போலீஸ்காரன் போன் பண்ணிக் கேட்டப்பவே சொன்னேன், என்னய்யா உளர்ற, அன்னிக்குக் காலைலதானே பாத்தேன், குத்துக்கல்லாட்டம் இருந்தாங்களேன்னு. நான் குட் மார்னிங் சொன்னதுக்கு உங்களுக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. ஞாபகம் இருக்கா? வீட்ல போய்ச் சொன்னேன், ஒரு குட் மார்னிங்குக்கு இப்படி யாராவது அழுவாங்களான்னு."

டோமினோ பிராம்பிளை முகர்ந்தான். பெவ்வின் கையிலிருந்த வார்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. அவள் அவற்றைப் பிரிக்கவில்லை. அவர் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

"செத்துப்போன அந்த அம்மாவுக்கு நான் எத்தனையோ தடவ குட் மார்னிங் சொல்லியிருக்கேன்" என்றாள். "ஒரு 'ம்' சொல்லும். அவ்ளோதான்."

"ஆமாம்" என்றேன்.

"அழுதது நீங்க."

"ஆமாம்."

அவள் முகத்தில் வெற்றி எதுவும் இல்லை. பல்செட் கிடைத்தபோது துள்ளிக் குதித்தவள். சுவர்மேல் உட்கார்ந்துவிட்டாள், நாய்கள் அவள் காலைச் சுற்றிப் படுத்துக்கொண்டன.

"நான்தான கண்ணு இவனக் கொண்டாந்து உங்க கையில குடுத்தேன்" என்றாள். "நான்தான குடுத்தேன்."

அவளைத் தேற்றவேண்டும் போலிருந்தது. நல்ல காரியம்தான் செய்தாய் என்றேன். அவள் எழுந்து பிராம்பிளின் வாரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். முரட்டுத்தனமாக இல்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் வாங்கவேண்டியிருந்தது. நான் இறுகப் பிடித்திருக்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நாலடி போய்த் திரும்பி நின்றாள்.

"ஸ்டேஷன்ல போய் உங்கள யாருன்னு சொல்லுவேன்? உங்க பேர் என்ன?"

தினமும் என் பிஸ்கட்டைத் தின்றவள். சொன்னேன். அவளுக்குச் சரியாகக் காதில் விழவில்லை. எழுத்துக்கூட்டி இன்னொருமுறை சொன்னேன்.

இதற்குமேல் உங்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. பிராம்பிள் இப்போது பெவ்விடம் இருக்கிறான், நன்றாகச் சாப்பிடுகிறான் என்று சொன்னீர்கள். நன்றி. அந்தப் பாதையில் இப்போது அவனைப் பார்த்து எல்லோரும் பெவ்வுக்கு வணக்கம் சொல்வார்கள். அவளுக்கு அது தேவையே இல்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இந்த வழக்கறிஞர் பெண் நல்ல பெண். நீங்கள் டீ எடுத்துவரப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"பலகைய நீங்க ஏன் இழுத்தீங்கங்கறத நான் பாத்துக்கறேன், பதட்டத்துல செஞ்சதுன்னு சொல்லிடலாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் நீங்க சொல்லணும். அன்னிக்குக் காத்து பயங்கரமா அடிச்சிருக்கு. அவங்க கூப்பிட்டது உங்க காதுல விழல. அவ்வளவுதான். அது ஒண்ணு இருந்தா, நீங்க என்னைக்காவது வெளிய வரலாம். ப்ளீஸ்மா."

வெளியே வந்து எங்கே போவது என்று அவளிடம் கேட்கவில்லை. சின்னப் பெண், கேட்டால் வருத்தப்படுவாள்.

ஏவிஸ் முதலில் சத்தமாகக் கூப்பிட்டாள். பிறகு தண்ணீர் ஏற ஏற, சின்னக் குரலில், கிட்டத்தட்ட தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. மஃபினின் அம்மா, மஃபினின் அம்மா என்று. அந்தப் பாதையில் என்னை யாரும் கூப்பிட்டு மாதக்கணக்காகியிருந்தது. பிராம்பிளை முழங்காலோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தக் குரல் நிற்கும்வரை கரையிலேயே நின்றேன். ஒன்றையும் தவறவிடக்கூடாது என்று தொப்பியைக்கூடக் காதுக்குமேல் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

மன்னித்துக்கொள் அம்மா என்று இவளிடம் சொல்லிவிட்டேன். கேட்கவில்லை என்று மட்டும் நான் சொல்லமாட்டேன். அவள் என்னைத்தான் கூப்பிட்டாள்.