வெள்ளியில் தெரிந்த சிவப்புக் கோடு

...பந்தி ரெடின்னு பின்னாடி ஒருத்தர் சைகை காட்டுறாரு. எனக்கும் பசிதாங்க. ஆனா புதுசா பொறுப்பேத்திருக்கிற நம்ம குடியிருப்போர் சங்கத் தலைவர், செயலாளர் எல்லாம் மாலையும் கழுத்துமா உக்காந்திருக்காங்களே... அவங்களுக்காக ஒரு சின்னக் கதை. சொல்லிட்டு இறங்கிடறேன்.

முதல்ல ஒரு கேள்வி. ஜவுளிக் கடைக்குப் போறோம். புள்ளைக்குப் பேன்ட் எடுக்கணும். என்ன கேக்குறோம்? "தம்பி, இந்தக் கலர் அழுக்கு தாங்குமா?" கேக்குறோமா இல்லையா? ...ஆங், அக்கா சிரிக்கிறாங்க! அழுக்கு தாங்கும்னா என்ன அர்த்தம்? அழுக்கே ஆகாதுன்னா? ஆகும்... தெரியாது. அவ்வளவுதான்!

போன வருஷம் ஏற்காட்டுல மலைச் சைக்கிள் போட்டி. கொடி அசைக்க என்னைக் கூப்பிட்டிருந்தாங்க. காப்பித் தோட்டத்துக்குள்ள கல்லும் வேருமா ஒரு இறக்கம்... பாத்தாலே நமக்கு முட்டி வலிக்கும். அதுல ஒவ்வொருத்தரா இறங்கணும். யாரு குறைஞ்ச நேரத்துல கீழ வர்றாங்களோ, அந்த ஒருத்தருக்குத்தான் மாநில அணியில இடம்.

போட்டிக்கு வந்த அத்தனை சைக்கிளும் கறுப்பு. ஹேண்டில் கறுப்பு, பெடல் கறுப்பு, சீட்டுக் கம்பி கறுப்பு. அதான் இப்போ ஃபேஷனாம். நடுவுல ஒரே ஒரு சைக்கிள் பளபளன்னு நிக்குது. எல்லாப் பார்ட்டும் வெள்ளி நிறம். யாருதுன்னு கேட்டேன். தமயந்தியாம். சேலத்துப் பொண்ணு. அவகூடவே பயிற்சி எடுக்குற சிநேகிதி வைஷாலி கிண்டல் பண்றா:

"ஏண்டி, இது சைக்கிளா, கல்யாணச் சீர்ப் பாத்திரமா? பாலை ஊத்தி அடுப்புல வெச்சா பொங்கிரும் போல!"

தமயந்திக்குக் கோவமே வரலை. "எனக்கு இதான் புடிச்சிருக்கு. கீறல் விழுந்தா தெரியணும், தேஞ்சா தெரியணும். என் உசுரையே இதுமேலதானே வெச்சு இறங்குறேன்?"

என்ன வார்த்தை பாருங்க! நான் அங்கயே அசந்துட்டேன்.

ஆயுத பூஜை முடிஞ்ச கையோட நடந்த போட்டி அது. நம்ம ஊரு வழக்கம் தெரியுமே... லாரியோ, தையல் மிஷினோ, சைக்கிளோ, சந்தனம் குங்குமம் வைக்காம விடுவோமா? ரெண்டு பேரும் சைக்கிள் பூரா பொட்டு வெச்சிருந்தாங்க. போட்டிக்கு முன்னாடி ஈரத்துணியால துடைக்கிறாங்க. வைஷாலி சைக்கிள் சுத்தமாயிருச்சு. தமயந்தி துடைக்கிறா... துடைக்கிறா... பெடலைத் தாங்குற கை இருக்கு பாருங்க, கிராங்க்குன்னு சொல்றாங்க, அதுல ஒரு சிவப்புக் கோடு மட்டும் போக மாட்டேங்குது. முடி மாதிரி மெல்லிசு. நூலு ஒட்டியிருக்குன்னு நகத்தால சுரண்டுறா. வரலை!

என்னங்க அது? விரிசல். குங்குமத் தண்ணி உள்ள இறங்கி நின்னுருச்சு. வெள்ளியில சிவப்பு... பளிச்சுன்னு தெரியுது.

அந்தக் கையோட இறங்கி, நடு வளைவுல பெடல்மேல எழுந்து நின்னா... பக்கத்துல பள்ளம். சொல்லவே வேண்டாம்.

அவ முகம் செத்துப் போச்சு. மாத்துறதுக்கு வேற கை கொண்டு வரலை. அந்த நேரத்துல நாமளா இருந்தா என்ன பண்ணுவோம்? ஓரமா உக்காந்து அழுவோம். இவ என்ன பண்ணா தெரியுமா? நேரா வைஷாலிகிட்ட ஓடுனா.

"வைஷு, ரெண்டு பேரும் ஒரே கடையில, ஒரே கம்பெனிச் சரக்குதான் வாங்குனோம். உன்னோடதையும் பாரு!"

"என்னோடதுல ஒண்ணும் தெரியலையே! இறங்குற நேரத்துல என்னைப் பயமுறுத்திப் பாக்குறியா?"

"தெரியலைன்னா இல்லைன்னு ஆயிருமாடி? கத்தி குடு!"

வாங்கிக் கறுப்புப் பெயின்டைச் சுரண்டுனா... ஒரு சுரண்டு... ரெண்டாவது சுரண்டு... இருந்துச்சுங்க. இவளோடதை விட நீளமா இருந்துச்சு. பெயின்டு மூடிக் காப்பாத்திக்கிட்டு இருந்துச்சு. எதை? வைஷாலியையா? இல்ல... விரிசலை!

வைஷாலி தானே சைக்கிளை ஓரமாச் சாச்சு வெச்சுட்டா.

போட்டி நடத்துறவரு தன் சொந்த சைக்கிள்ல இருந்து ஒரு கையைக் கழட்டிக் குடுத்தாரு. அந்தப் பக்கத்துக்குப் பொருந்துறது அது ஒண்ணுதான். தமயந்தி சைக்கிள்ல மாட்டுனாங்க. அப்போ தமயந்தி சொல்றா: "நீ முதல்ல இதுல இறங்கு. ஜீப்புல வண்டி மேல வரட்டும், அப்புறம் நான் இறங்குறேன்."

ஒரே சைக்கிள்... ரெண்டு பேரு... ஒரு இடம்!

யாரு ஜெயிச்சா? வைஷாலி. கண் சிமிட்டுற நேர வித்தியாசம். தமயந்தி அழுதா. எல்லாரும் பாக்க, தேம்பித் தேம்பி அழுதா. அழுதுக்கிட்டே போய் வைஷாலியைக் கட்டிப் புடிச்சா. தமயந்திக்கு மனசுகூட வெள்ளி நிறங்க, ஒண்ணையும் மறைக்கத் தெரியலை.

நான் கேட்டேன், "ஏம்மா, பேசாம இருந்திருந்தா இடம் உனக்குக் கிடைச்சிருக்குமே?"

"அவ விழுந்து எனக்கு எதுக்குங்க இடம்?"ன்னா.

இன்னிக்கு வைஷாலி மாநில அணியில ஓட்டுற சைக்கிளைப் போய்ப் பாருங்க. ஒரு கறுப்புப் பார்ட் கிடையாது.

கறுப்பு நிறத்தை நான் குறை சொல்லலீங்க, நானே நல்ல கறுப்புதான்! சொல்றது மூடி வெக்கிற புத்தியை. தலைவரே, செயலாளரே... விரிசல் விழாத உலோகமும் இல்ல, தப்பு நடக்காத சங்கமும் இல்ல. அதை அழுக்கு தாங்குற கலர்ல போட்டு மூடுனா, ஒருநாள் வளைவுல ஒடியும். விழப்போறது நீங்க மட்டுமில்ல, உங்களை நம்பி உக்காந்திருக்கிற நாங்களுந்தான்.

இன்னிக்கு உங்களுக்குச் சந்தனம் வெச்சாச்சு, குங்குமம் வெச்சாச்சு. வீட்டுக்குப் போய் ஈரத்துணியால துடைப்பீங்க. துடைக்கும்போது எங்கயாவது ஒரு சிவப்புக் கோடு நிக்குதான்னு பாருங்க. நின்னா... மறுநாள் காலையில எங்ககிட்ட நீங்களே வந்து சொல்லுங்க.

மாட்டுறதுக்கு வேற கை நாங்க குடுக்குறோம்.