காலி டப்பா

கிழக்கே கோட்டை ஸ்டாண்டுக்குப் போகும் சாயங்கால பஸ். முன் ஸீட்டில் ஆபீஸ் விட்டு வரும் இரண்டு பெண்கள்.

“என் கத்திரிக்காய்க் கறி பூராவும் அவாளே தின்னு தீர்த்துட்டா. நேக்கு ஒரு துண்டு மிச்சமில்லை, கேட்டோ!” என்று ஜன்னலோரத்தில் இருந்தவள் சிரித்தாள். இறங்க எழுந்த நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

“இதுக்கா சிரிக்கறே?”

“பின்னே? எல்லாரும் ஸ்ட்ரைக் பண்ணின சமரத்தன்னிக்கு நான் ஒருத்தி மட்டும் வேலைக்குப் போனேனே, அதுலேர்ந்து கருங்காலின்னு ஒருத்தரும் முகம் குடுக்கலை. மத்தியானம் எல்லார் டப்பாவும் மேஜையைச் சுத்தி வரும். என்னோடதை மட்டும் யாரும் தொடமாட்டா. இன்னிக்கு யூனியன் சரோஜினியே கையை நீட்டி எடுத்தா. அப்புறம் அத்தனை பேரும்!”

“சரோஜினி ஏதாவது சொன்னாளா?”

“உப்பு ஜாஸ்தின்னு திட்டினா.”

“நீ என்ன சொன்னே?”

“நாளைக்குக் குறைச்சுப் போடறேன்னேன்.”